எட்டாவது கை

கோபம் வந்தால் சிலருக்கு வாய் நீளும், சிலருக்குக் கை நீளும். இஸ்திரியம்மாவுக்கு வேலை நீளும். விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை மேசையில் உதறிப் போட்டு, நீராவிப் பெட்டியை அமுக்கி, மடிப்பு கத்தி மாதிரி நிற்கிற வரைக்கும் தேய்ப்பாள். அன்றைக்கு மதியத்துக்குள் நாற்பது விரிப்பு முடிந்துவிட்டது. வெளியே ஐந்தாவது நாளாக மழை. உள்ளே கொடியில் துணி காயாமல் தொங்கி, கடை முழுக்க ஈரவாடை. மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்கு நம்பர்த் துணி தைத்துக்கொண்டிருந்த மகள், அம்மா பேசாமல் தேய்ப்பதைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா கொதித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. யார் மேல் என்பதுதான் கேள்வி. அந்த மாதம் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

முதல் ஆள் கட்டிடக்காரர். ஒட்டி நிற்கிற நான்கு கடைகளையும் விற்கப் போவதாக மாத ஆரம்பத்தில் வந்து சொன்னார். இருபத்தாறு வருஷம் வாடகை கொடுத்தவள் என்பதால் அவள் கடையை அவளுக்கே தருவதாகப் பெரிய மனசோடு ஒரு விலையும் சொன்னார். பத்து நாள் கழித்து வந்து, பக்கத்துத் தெருப் போன் கடைக்காரர் கூடக் கேட்கிறார் என்று விலையை ஏற்றினார். அடுத்த வாரமும் அதே போன் கடைக்காரர், மறுபடி ஒரு ஏற்றம். மாதக் கடைசி வரைக்கும்தான் கெடு. வேறு கடை பார்த்துக்கொண்டால் போகிறது என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் கடையின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. கொதிகலன் தரையோடு பதித்தது. நீராவிக் குழாய் சுவருக்குள் ஓடுகிறது. பிடுங்கினால் பழைய இரும்பு. இருந்தால்தான் பிழைப்பு.

இரண்டாவது ஆள், செத்துப்போன புருஷன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் மேல் இருந்த கோபம் மட்டும் அவரோடு போகவில்லை. அடகுக்கடையில் எடை போடுகிறவர், அதனால் தெருவுக்கே அவர் தராசுக்காரர். மீட்க ஆள் வராத வெள்ளிச் சாமான்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் உருக்கப் போகும். அந்தக் குவியலில் சில நேரம் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் நாணயங்கள் கிடக்கும். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. முதலாளிக்கு அது வெறும் எடை. தராசுக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து, வருஷத்தையும் கழுகுக்குக் கீழே அடித்த ஊரைக் காட்டும் பொடி எழுத்தையும் பார்த்து, வேண்டியதை வெள்ளி விலை கொடுத்து எடுத்து வந்துவிடுவார். அதற்குக் காசு அவர் சம்பளத்திலிருந்து போகும். அடுப்பெரிவது இவள் தேய்ப்பிலிருந்து. இப்படியே இருபது வருஷத்தில் முப்பத்தோரு டாலர்.

அந்த முப்பத்தொன்றில் சிலவற்றின் மேல் நீலமும் ஊதாவும் செம்பு நிறமுமாக வானவில் மாதிரி கறை படிந்திருக்கும். அவர் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒன்றை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடப் போனாள். அவர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இந்தக் கறைக்குத்தான்டி காசு" என்றார்.

கறை எடுத்துச் சோறு தின்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அன்றிலிருந்து அந்த டாலர்களின் மேல் அவளுக்கு ஒரு பொட்டுப் பாசம் கிடையாது. சனியன் தொலைந்தால் போதும் என்றுதான் இருந்தாள். கடை விலைக்கு வந்ததும், அந்தத் தகரப்பெட்டியைத் திறக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை ஓடவில்லை.

கடைத்தெருவில் பழைய நாணயம் வாங்குகிறவர் முப்பத்தொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ தானம் கேட்டு வந்தவளுக்குச் சொல்கிற மாதிரி ஒரு விலை சொன்னார். மகள்தான், வேண்டாம்மா, இணையத்தில் ஏலம் விடலாம், உலகம் முழுக்கப் பார்ப்பார்கள் என்றாள். முதலில் தரம் பார்க்கிற நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு டாலரும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை போடப்பட்டு, தலையில் ஒரு தர எண்ணோடு திரும்பி வந்தது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தாள் மகள். எந்த டாலரில் கீறல், எதில் விளிம்பு அடிபட்டிருக்கிறது என்பதையெல்லாம் எழுதச் சொன்னாள் இஸ்திரியம்மா. சட்டை வாங்கும்போதே பொத்தான் இல்லை என்று சீட்டில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நம் தலையில் விழும் என்பது அவள் கடைச் சட்டம்.

முப்பத்தொன்றும் ஒரே தொகுப்பு, ஏழு நாள் ஏலம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முடிவு.

இந்த இடத்தில்தான் மூன்றாவது ஆள் வருகிறான். தராசுக்காரரின் தம்பி, அவள் கொழுந்தன். பழைய சாமான் ஏலக் கூடத்தில் வேலை. என்ன வேலை என்றால், வாங்க வந்தவன் மாதிரிக் கூட்டத்தில் நின்றுகொண்டு கையைத் தூக்குகிற வேலை. ஒருத்தர் ஒரு பீரோவுக்கு விலை கேட்டால் இவன் கூடக் கேட்பான். அவர் ரோஷப்பட்டு இன்னும் கூடக் கேட்பார். சரியான இடத்தில் இவன் கையை இறக்கிக்கொள்வான். கூடத்து முதலாளி இதற்கு மாதச் சம்பளம் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் கைதூக்கி. விசேஷ வீட்டுப் பந்தியில் அவன் தண்ணீர் கேட்டுக் கையைத் தூக்கினால், பாத்துடா, விலை ஏறிடப் போகுது என்பார்கள். அதைக் கேட்டு இத்தனை வருஷம் சிரித்தவர்களில் இஸ்திரியம்மாவும் ஒருத்தி.

ஏலம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை, கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு எல்லோரும் மகளின் கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரியம்மா, மகள், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி. டீயும் பன்னும் வாங்கி வந்தது கொழுந்தன்தான். கடைசியில் இரண்டு பேர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரை முழுசாகக் காட்டாமல் நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தது. ஒருத்தர் நின்றுவிட்டார். மூன்று நட்சத்திரம் போட்டவரின் விலையோடு ஆட்டம் அசையாமல் நின்றது. கட்டிடக்காரர் முதன்முதலில் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே.

"ப்ச்" என்றாள் மகள்.

கொழுந்தன் டீ கிளாசோடு ஜன்னல் பக்கத்து ஸ்டூலுக்குப் போய் உட்கார்ந்தான். போனை நெஞ்சோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் விலை நகர்ந்தது. யாரோ புதுசாக ஒருத்தர் ஏற்றினார். மூன்று நட்சத்திரம் விடவில்லை. மறுபடி அவர், மறுபடி இவர். கட்டிடக்காரரின் முதல் விலை தாண்டியது, இரண்டாவது தாண்டியது, மூன்றாவதும் தாண்டியது. நாலு மணி ஆனபோது புது ஆளின் விலையோடு முடிந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கொழுந்தன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா, மாமா உங்களுக்குச் சேத்து வச்சுட்டுத்தான் போயிருக்காரு என்றாள். கொழுந்தன் மட்டும் முகம் வெளிறி, வேலை இருக்கிறது என்று குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். சந்தோஷம் தாங்காமல் போகிறான் பாவம் என்று நினைத்தாள் இஸ்திரியம்மா. பாவம் என்று நினைத்தாளே, அதுதான் பிறகு அவளை அதிகமாக அறுத்தது.

மூன்று நாள் ஜெயித்த ஆளிடமிருந்து பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தினமும் டீக்கு வருகிற கொழுந்தனும் வரவில்லை. நாலாம் நாள் காலையில் ஏல நிறுவனத்தின் கடிதம் வந்தது. விற்பவரோடு தொடர்புள்ள ஒரு கணக்கிலிருந்து விலை ஏற்றப்பட்டிருக்கிறது, ஆகவே விற்பனை ரத்து, உங்கள் கணக்கு இனி எப்போதும் திறக்காது. மகள் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அந்தப் பக்கம் பொறுமையாகச் சொன்னார்கள். விற்பனைப் பக்கம் எந்த இணைப்பிலிருந்து போடப்பட்டதோ, ஜெயித்த விலையும் அதே இணைப்பிலிருந்துதான் வந்திருக்கிறது.

"நம்ம கடை நெட்டும்மா" என்றாள் மகள், போனை வைத்துவிட்டு.

அன்றைக்குக் கடையில் இருந்தது நாலு பேர். இஸ்திரியம்மா விரிப்புக் கட்டை அவிழ்த்தாள். அந்த நாற்பது விரிப்பு இப்படித்தான் முடிந்தது.

நாற்பத்தோராவதை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியை அணைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு நேரே ஏலக் கூடத்துக்கு நடந்தாள்.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. உள்ளே பழைய பீரோ, கட்டில், தையல் மெஷின், கதவு கழன்ற குளிர்ப்பெட்டி என்று சாமான்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. முக்காலி மேல் ஏறி நின்று குச்சியால் தட்டித் தட்டி ஏலம் போட்டுக்கொண்டிருந்தார் ஒருத்தர். ஒரு கண்ணாடிப் பீரோவுக்கு ஓர் இளம் ஜோடி விலை கேட்டது. இரண்டு பேர் கை நகத்திலும் பெயிண்ட் காய்ந்திருந்தது. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் போல. நாலு வரிசை பின்னால் நின்ற கொழுந்தன் சாவகாசமாகக் கையைத் தூக்கினான். அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். புருஷன் காதில் ஏதோ சொன்னாள். கூடக் கேட்டார்கள். கொழுந்தன் மறுபடி தூக்கினான். அவர்கள் மறுபடி. மூன்றாவது தரம் அந்தப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு விலை சொன்னான். கொழுந்தன் கையை இறக்கிவிட்டான். பீரோ கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்தப் பெண் கைதட்டினாள்.

அடுத்து ஒரு சாப்பாட்டு மேசை. அதற்குக் கொழுந்தன் தூக்கின கைக்கு மேல் யாரும் வரவில்லை. முக்காலிக்காரருக்குக் கண் இமைக்கவில்லை. முன்னாடி கேட்டது யாரு, நீங்கதானே சார், உங்களுக்கே என்று குச்சியைத் தட்டி, அதற்கு முன்பு கேட்டவர் தலையில் மேசையைக் கட்டிவிட்டார். கொழுந்தன் தூக்கின கை அங்கே இல்லவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது.

இஸ்திரியம்மாவுக்கு முழுக்க விளங்கிவிட்டது. பந்தியில் சிரித்த சிரிப்பெல்லாம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே இப்போதுதான் கேட்கிற மாதிரி இருந்தது.

கொழுந்தன் அவளைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பின்கதவுப் பக்கம் வந்தான்.

"அண்ணி, உங்களுக்காகத்தான் பண்ணேன்."

"எனக்காக என்ன பண்ணே, சொல்லு."

"அந்த ஆளு உங்க கடை விலைக்குக் கீழயே நின்னுட்டான். எனக்கு மனசு கேக்கல. சும்மா ஒரு கை ஏத்தினேன், வந்தான். இன்னொண்ணு, வந்தான். ஏழு கைக்கு வந்தான் அண்ணி. எட்டாவது கைக்கு வரல."

"அங்க உள்ள மாதிரி முன்னாடி கைக்குப் போயிட வேண்டியதுதானே?"

"போயிடும்னுதான் நினைச்சேன். நான் வாங்கலன்னு எழுதிப் போட்டா முன்னாடி ஆளுக்கே குடுத்துடுவாங்கன்னு. எனக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டருக்குள்ள குச்சி வச்சுக்கிட்டு யாரும் நிக்கலையே."

வேறொரு நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள்.

"ஏழோட நிறுத்தியிருந்தா உங்களுக்குக் கடை கிடைச்சிருக்கும் அண்ணி. எட்டாவதுதான் என் பேராசை" என்றான். தப்பு அந்த ஒரு கையில்தான் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

"ஏழோட நிறுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் காசுல கடைய வாங்கிட்டு, உனக்கும் ஒரு சட்டை எடுத்துக் குடுத்திருப்பேன். அதத்தான் நீ எனக்குப் பண்ணியிருக்கே." அவள் குரல் உயரவில்லை. "எங்கடையில உக்காந்து, நீயே வாங்கிட்டு வந்த டீயக் குடிச்சுக்கிட்டு. சாயங்காலம் கடைக்கு வா. வரலன்னா நான் இங்க உள்ள போயி, அந்தப் பீரோ வாங்கின பொண்ணுகிட்ட உன் உத்தியோகம் என்னன்னு சொல்லிடுவேன்."

அவன் வந்தான். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வந்ததே புருஷனுக்கு வக்காலத்து வாங்கத்தான். அவர் என்ன திருடினாரா, குடித்துவிட்டு அழித்தாரா, அண்ணிக்கு நல்லது நடக்கட்டும் என்றுதானே செய்தார், குடும்பத்துக்குள் இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா என்று மூச்சு விடாமல் பேசினாள். பேசி முடித்து, ஒரு வழியும் சொன்னாள். மூன்று நட்சத்திரக்காரர் ஏலத்துக்கு நடுவில், விளிம்புகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அவருக்கே நேரடியாக எழுதி, ஏழாவது கைக்கு அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டால் என்ன?

மகள் அம்மாவைப் பார்த்தாள். "சித்தி சொல்றது ஒரு வகையில சரிதானேம்மா. அது அவரே சொன்ன விலைதானே."

இதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது இஸ்திரியம்மாவுக்கு. கட்டிடக்காரர் மேல், புருஷன் மேல், கொழுந்தன் மேல் எல்லாம் வந்தது ஒரு மாதிரி. பெற்ற மகள் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்தது வேறு மாதிரி. அவளும் கடையை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

"அவரா சொன்னாரு? இவன் சொல்ல வச்சான். இவன் மொதக் கை தூக்குறதுக்கு முன்னாடி அவரு என்ன சொன்னாரோ, அதுதான் அவரு சொன்ன விலை. அதுக்கு மேல ஒரு பைசா நான் வாங்க மாட்டேன்."

"அது கடைக்குப் பத்தாதேம்மா."

"பத்தாது" என்றாள் இஸ்திரியம்மா.

இஸ்திரி மேசை மேல் இருந்த துணியை ஒதுக்கி, மகளின் கணினியை வைத்து, கொழுந்தனை உட்காரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்க வேண்டும். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தான். நடந்ததை நடந்தபடி சொன்னாள். எங்கள் உறவினர் ஒருவர் என்று அவன் அடித்ததைப் பார்த்தாள்.

"உறவினர்னு போடாத. நான்னு போடு. விற்கிற அம்மாவோட கொழுந்தன் நான்னு போடு. என்ன தொழில் செய்றேன்னும் போடு."

"அண்ணி, தொழில் எதுக்கு?"

"தெரியாம செஞ்சுட்டேன்னு அவரு நினைச்சுடக் கூடாது பாரு, அதுக்கு."

அவன் பெண்டாட்டி எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு முறை என்கிற இடம் வந்தபோது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. விரல் நின்றது.

"அழுதா அடிக்க வராதா? அடி தம்பி."

அந்த நிலைமையிலும் தம்பி என்றுதான் சொன்னாள். முப்பது வருஷத்துப் பழக்கம், நாக்கு விடவில்லை. கடைசி வரியை அவளே யோசித்துச் சொன்னாள். இதற்குப் பிறகும் வாங்க மனமிருந்தால், நான் புகுவதற்கு முன் நீங்கள் கேட்ட விலைக்குத் தருகிறோம். மனமில்லை என்றால் அது உங்கள் உரிமை, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு நாள் கழித்து வந்த பதில் ஒரே வரி. நேரில் வந்து பார்க்கிறேன்.

வந்தது ஆம்பளை ஆள் இல்லை, ஓர் அம்மாள். இத்தனை நாளும் எல்லோரும் அந்த ஆளு, அந்த ஆளு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய எலும்பு டாக்டர். மூன்று மணி நேரம் மழையில் காரோட்டி வந்து, இஸ்திரி மேசையில் வெள்ளைத் துண்டு விரிக்கச் சொல்லி, முப்பத்தோரு உறையையும் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வானவில் கறை படிந்த டாலர்களைத் தனியாக ஒதுக்கி, விளக்குக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். டீ வேண்டாம் என்றார். பார்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. கடிதத்தில் எழுதியிருந்த விலைக்கான பணத்தை அங்கேயே போனில் அனுப்பிவிட்டு எழுந்தார்.

"எட்டாவதுல எனக்குச் சந்தேகம் வந்துதான் நிறுத்தினேன்" என்றார். "ஏமாத்தப் பாத்தாங்கன்னு ரெண்டு நாளு தூக்கமில்ல. உண்மையச் சொல்லிட்டீங்க, சரி. ஆனா எனக்கு இன்னும் கோபம் போகலம்மா."

"இருக்கட்டும்மா" என்றாள் இஸ்திரியம்மா. "எனக்கும் போகல."

அந்த அம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மாதக் கடைசி. இஸ்திரியம்மா நல்ல சேலை ஒன்றைத் தேய்த்து உடுத்திக்கொண்டு, வங்கியில் எடுத்த டிராஃப்ட் சீட்டோடு கட்டிடக்காரர் அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது? நான் மொதல்ல சொன்னதுக்கே குறையுதே. போன் கடைக்காரர் எவ்வளவு சொல்லியிருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ரெண்டு தரம் நீங்கதான் சொன்னீங்க. அவரையே கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"அவருக்கே குடுத்துடுங்க. கெடு இன்னைக்கோட முடியுதே. அவரு வந்து கையெழுத்துப் போட்டதும் நான் சாவிய அவரு கையில குடுத்துட்டுப் போறேன். கூப்பிடுங்க, உக்காந்திருக்கேன்."

கட்டிடக்காரர் போனை எடுத்தார். ஏதோ நம்பரை அழுத்தினார். காதில் வைத்துக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை என்றார்.

"இன்னொரு தரம் போடுங்க. எனக்கு இன்னைக்கு வேலை இல்ல" என்றாள். கடையில் விடுதி விரிப்பு மலையாகக் குவிந்து கிடந்தது.

அவர் மறுபடி போடவில்லை. ஏதோ காகிதங்களைப் புரட்டினார். கணக்குப் பார்க்கிறவரைக் கூப்பிட்டு எதையோ கேட்டு அனுப்பினார். இஸ்திரியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் கடைக்காரர் உண்மையிலேயே இருந்துவிட்டால் கடை போச்சு. அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கொதிகலனை உடைத்து எடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்றுகூட ஒரு பக்கம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை. பத்து மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. போன் கடைக்காரரும் வரவில்லை, அவருக்குப் போனும் போகவில்லை. கட்டிடக்காரர் ஒரு டீ சொன்னார். அப்புறம் இரண்டாகச் சொன்னார். அவள் அதைத் தொடவில்லை. ஆறி ஆடை கட்டியது.

"மொதல்ல சொன்ன விலைக்காவது வாங்கம்மா" என்றார் கடைசியில்.

"என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். போன் கடைக்காரர்தான் இருக்காரே."

அவர் முகம் சிறுத்துப்போனது. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு மேசை டிராயரை இழுத்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து, சீட்டிலிருந்த தொகையையே அதில் எழுதி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

இஸ்திரியம்மா அவர் விரலை விலக்கிவிட்டுக் காகிதத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதே. இன்னும் என்னம்மா கோபம்?" என்றார் கட்டிடக்காரர்.

அவள் நிமிரவில்லை. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினாள்.